இடப்பக்கம் பார்த்த மீன்

அத்தையை அவர்கள் தெருவில் மீன் அக்கா என்றுதான் சொல்வார்கள். அவள் மீன் விற்றதில்லை, வளர்த்ததுமில்லை. சட்டை தைக்கும் கம்பெனியில் காஜா மெஷினில் உட்கார்ந்திருந்தவள். பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டி, அதன் ஓரத்தை நூலால் கட்டிக்கொடுக்கிற மெஷின் அது. நாள் முழுக்க அவள் கைவழியாகச் சட்டைகள் போகும். பட்டன் பட்டியைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டாள். சட்டை என்ன நிறம் என்று கேட்டால் யோசிப்பாள்.

அப்படிப்பட்டவள் போடும் ஒவ்வொரு சட்டையிலும் நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆரஞ்சு மீன் இருந்தது. வெள்ளை கேன்வாஸ் ஷூவின் வெளிப்பக்கங்களிலும் சின்னதாக ஒவ்வொரு மீன். எல்லாம் கையால் வரைந்தவை. அவளே வரைந்தவை. மீன் சட்டையோடு அவள் முதல் தடவை கம்பெனிக்குப் போனபோது சூப்பர்வைசர், "என்னக்கா, மார்க்கெட்ல வேலை கிடைச்சிடுச்சா?" என்று கேட்டாராம். "ஆமா தம்பி, வாங்க, செதில் எடுத்து அனுப்பறேன்" என்றாளாம் அத்தை. அதற்குப் பிறகு அங்கே யாரும் கேட்கவில்லை. தெருவில்தான் கேட்டார்கள். இந்த வயதில் எதற்கு இந்த ஷோக்கு, அதுவும் வீட்டுக்காரர் அப்படிக் கிடக்கும்போது என்று எதிர்வீட்டு அம்மாள் என் காதுபடவே சொன்னார். மாமா அப்படிக் கிடந்ததால்தான் இந்த மீனே வந்தது என்பதை அத்தை யாரிடமும் விளக்கவில்லை.

மாமா நெசவு மில்லில் ஃபிட்டர். தறிகளுக்கு நடுவே இளமையிலிருந்து நின்று நின்று இரண்டு காதும் போய்விட்டன. அதை அவர் பெரிய குறையாக நினைத்ததில்லை. "மில்லுல எல்லாரும் செவிடுதான். நான் கொஞ்சம் சீனியர் செவிடு" என்பார். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். அத்தையும் அவரும் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடுவே சத்தமில்லாமல் உதட்டை அசைத்துச் சண்டை போடுவதைச் சின்ன வயதில் நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். திடீரென்று மாமா மட்டும் சத்தமாக, "அது நேத்தைய கணக்கு, இன்னைக்கு ஏன் இழுக்கறே?" என்று கத்துவார். தன் குரல் எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியாது. தெருவுக்கே அவர்கள் சண்டையில் பாதி தெரியும், அவர் பாதி.

ஒரு காலையில் அவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பேச்சு வந்தது. புத்தியில் ஒரு குறையும் இல்லை, பேப்பர் படித்தார், ரேடியோவைப் பிரித்து மாட்டினார். முகங்கள் மட்டும் திரும்பி வரவில்லை.

"பார்வை நல்லா இருக்கும்மா. மூக்கு தெரியும், கண்ணு தெரியும், வாய் அசையறது தெரியும். எல்லாம் சேர்ந்து இன்னார்னு ஆகறது மட்டும் நடக்காது" என்றார் டாக்டர்.

"என்னையுமா?" என்று அத்தை கேட்டாள்.

"யாரையுமே."

குரலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், பழகிவிடும் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். பிறகு ஃபைலைப் புரட்டினார். காது கேட்காது என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை முதல் வேலையாக அத்தை சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்குப் பின்னால் வைத்தாள். முந்தின ராத்திரி எழுந்து போகும்போது அதில் தெரிந்த ஆளைப் பார்த்து மாமா பயந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கண்ணாடியே இல்லை. அத்தை விரலால் வகிடு எடுத்துத் தலை பின்னிக்கொள்வாள்.

அவள் வீட்டுக்குள் இருக்கும்வரை சமாளித்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிற பெண் மனைவிதானே. வெளியில்தான் சிக்கல். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் நெருக்கியடித்துக்கொண்டு கூட்டம் இறங்கியபோது அத்தையின் முழங்கையிலிருந்து அவர் கை நழுவியது. பக்கத்தில் போன ஒரு முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அது வேறு யாரோ. அந்தப் பெண் உதறினாள், திட்டினாள். இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மனைவி கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அப்புறம் ஆட்கள் கூடிவிட்டார்கள். அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப்பை கிழிந்து தொங்கியது. அவள் குனிந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொண்டார். அடிக்க வந்த இன்னொருத்தி என்று நினைத்துவிட்டார்.

"அவர் கையை விலக்கவே முடியலடி" என்று அத்தை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் ஸ்டேஷனரி கடைக்குப் போய்த் துணி பெயின்ட்டும் இரண்டு பிரஷும் வாங்கினாள். "குழந்தைக்குங்களா? ஸ்கூல் வேலையா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு ஆமாம் என்றாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

வரையத் தெரியாதவள். பள்ளிக்கூடத்தில்கூட வரைந்ததில்லை. கம்பெனியில் பழுதென்று தள்ளிவிட்ட ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து ஓர் இலை வரைய ஆரம்பித்தாள். காம்பு கோணி, நுனி பெருத்து, அழிக்கவும் முடியாமல் கடைசியில் அதற்கு ஒரு கண்ணும் வாலும் வைத்து மீனாக்கினாள். மாமா எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, கத்திரிக்காயா?"

"கத்திரிக்காய்க்குக் கண்ணு இருக்குமா?" என்று உதட்டை அசைத்தாள்.

"நீ வரைஞ்சா இருக்கும்."

அவள் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நின்றாள். மீனைத் தொட்டுக் காட்டினாள், பிறகு தன்னைத் தொட்டுக் காட்டினாள். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. வலது கையை மெதுவாகத் தூக்கி மீனின் வாலைத் தொட்டார்.

"இனிமே மீனைப் பாத்தா போதும், இல்லையா?"

அவள் தலையாட்டினாள்.

"நல்லதாப் போச்சு. முகத்தைப் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார். நோய்க்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முதல் மீன் முதல் சலவையில் கரைந்தது. நெஞ்சில் ஆரஞ்சுக் கறையோடு அத்தை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மாமா கொல்லைக் கதவில் நின்று, "யாரும்மா நீ?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு அவள் வேலையைச் சரியாகக் கற்றுக்கொண்டாள். புதுத் துணியின் கஞ்சி போகும்வரை முதலில் அலச வேண்டும், இல்லையென்றால் பெயின்ட் கஞ்சியின் மேல் உட்காருமே தவிர நூலில் ஏறாது. வரையும்போது சட்டைக்குள் அட்டை செருக வேண்டும், முதுகுக்கு இறங்காமல் இருக்க. நிழலில் உலர்த்தி, மறுநாள் உள்பக்கத்தைத் திருப்பி இஸ்திரி போட வேண்டும். சூடு பட்டால்தான் நிறம் நிற்கும். ஷூவுக்கு லேஸைக் கழற்றிவிட்டுப் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்துக்கொள்வாள். நுனியில் வரைந்தால் நடக்கும்போது மடிந்து வெடித்துவிடுகிறது என்று பக்கவாட்டுக்கு மாற்றினாள். ஷூ முக்கியம். முகங்களைப் பார்த்தால் மாமாவுக்குத் தலை சுற்றும் என்பதால் தெருவில் அவர் தரையைப் பார்த்துத்தான் நடப்பார்.

நான் அங்கே போனது படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்த சமயத்தில். அத்தை எடுத்த விடுப்பெல்லாம் தீர்ந்து அவள் கம்பெனிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. பகலில் மாமாவோடு யாராவது இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துப் பார்த்தாள். அவள் உள்ளே வரும்போதெல்லாம் மாமா யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அப்பா என்னை அனுப்பினார்.

நான் போன அன்றே அத்தை என் சட்டையை வாங்கிக்கொண்டாள்.

"உனக்கும் ஒரு மீன் போட்டுடறேன், பாப்பா. மீன் இருந்தாத்தான் உள்ள விடுவாரு."

"அப்ப யாரு நீங்க, யாரு நான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி.

அவள் அதையும் யோசித்து வைத்திருந்தாள். அவளுடைய மீனின் தலை பார்ப்பவருக்கு இடப்பக்கம். என்னுடையதன் தலை வலப்பக்கம். வேறு பூ, வேறு பறவை என்று வரையலாமே என்றேன். "வேற எதுவும் எனக்கு வராதுடி. இதுவே தவறிப் பிறந்தது" என்றாள். மாமாவை உட்கார வைத்து இரண்டு சட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினாள். அவர் ஃபிட்டருக்கே உரிய சலிப்போடு பார்த்தார். "இடது நீ, வலது பாப்பா. நூலிழை வித்தியாசத்துக்குத் தறியை நிறுத்தினவன்கிட்ட இதைப் போய் வகுப்பெடுக்கறியே" என்றார். சொன்னபடி ஒரு நாளும் தவறவில்லை. நான் சோறு எடுத்து வைத்தால் "பாப்பா, உப்பு" என்பார். அத்தை எடுத்து வைத்தால், "உப்பு இருக்கு, ஆனா இல்ல" என்பார்.

சாயந்தரம் அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தெருமுனையில் வெள்ளை ஷூ திரும்பும். அதன் ஓரத்தில் ஆரஞ்சுப் பொட்டு தெரிந்ததும் பார்வையை மெல்ல மேலே ஏற்றுவார், சட்டை வரை. பிறகு முகம் மலர்ந்து எழுந்து நிற்பார். "வந்துட்டியா?" என்பார். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காக அத்தை தெருமுனையிலிருந்து நடையை வேகமாக்குவதை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க மெஷினில் குனிந்த கழுத்து நிமிர்ந்துவிடும். ஊரில் யாரைத் தெரியாவிட்டாலும் போகட்டும், தன்னைத் தெரிகிறது. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். துணிகளை அலசி அலசி, பிரஷைக் கழுவிக் கழுவி அவள் பிடித்து வைத்திருந்தது அதைத்தான்.

அப்படியே மாதங்கள் போயின. மாமா தைரியம் பெற்று வந்தார். நோய்க்குப் பிறகு சலூன்காரர்தான் வீட்டுக்கு வந்து முடி வெட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் மாமா, "நானே கடைக்கு வர்றேன்பா. என்னைத் தூக்கிட்டா போகணும்?" என்று சொல்லிவிட்டார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. நான் கூட்டிக்கொண்டு போவதென்றும், அவள் கம்பெனியில் பர்மிஷன் போட்டுவிட்டு நேரே சலூனுக்கு வந்துவிடுவதென்றும் ஏற்பாடு. மாமாவிடம் சொல்லவில்லை. தன்னை அங்கே பார்த்ததும் அவர் ஆச்சரியப்பட வேண்டும் என்று சின்னப் பெண்ணைப் போல ஆசைப்பட்டாள்.

மழை தூறி நின்றிருந்தது. மாமாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் கதவோரத்து பெஞ்சுக்குப் போனேன். சலூன்காரர் வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டினார். பெஞ்சில் இன்னொருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்க்க விரும்பாமல் மாமா கண்ணை மூடிக்கொண்டார். கத்தரி பாதித் தலையைச் சுற்றி வந்தபோது அத்தை வந்தாள். மெஷின் நூல் முடிச்சுகள் முழங்கையில் ஒட்டியிருந்தன. ஷூ நனையக்கூடாதென்று பையில் போட்டு எடுத்துக்கொண்டு ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தாள். மாமாவுக்குப் பின்னால் போய் நின்று அவர் தோளில் கை வைத்தாள்.

மாமா கண்ணைத் திறந்தார். முன்னாலிருந்த கண்ணாடியில் பார்த்தார். அவர் தலைக்கு மேலே ஒரு நெஞ்சும் அதில் ஒரு மீனும் தெரிந்தன. தெரிந்த மீன் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

எங்கள் மூன்று பேரில் யாரும் அதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. கண்ணாடி இல்லாத வீட்டில் இருந்தவர்கள். அத்தையின் மீன் கண்ணாடிக்குள் திரும்பிக்கொண்டு என்னுடைய மீனாகிவிட்டது. அவர் என்னோடுதான் வந்திருந்தார். அவர் எதிர்பார்த்ததும் என்னைத்தான்.

"பாப்பா," என்றார் மாமா, தன் பெரிய குரலில். "உங்க அத்தைகிட்ட சொல்ல மாட்டேன்னா ஒண்ணு சொல்லட்டுமா? ரொம்ப நாளா சொல்லணும்னு."

அவர் விளையாடுகிறார் என்று அத்தை நினைத்தாள். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

"சாயந்தரம் ஆனா எனக்கு எழுந்து உள்ள போயிடலாம்னு இருக்கு பாப்பா. அந்த மீன் வரும். வந்ததும் சிரிக்கணும். சிரிக்கிறேன். உள்ள ஒண்ணுமே வரல. யாரோ ஒரு அம்மா. நல்லவங்க. எனக்காக உழைக்கிறாங்க. அவங்கதான் என் பொண்டாட்டின்னு அறிவுக்குத் தெரியுது. மனசுக்குத் தெரியல."

சலூன்காரரின் கத்தரி நின்றது. பெஞ்சில் இருந்தவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"என் பொண்டாட்டி எங்கேயோ போயிட்டா. இந்த அம்மா அவ சட்டையை மாட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்க. எனக்கு அப்படித்தான் இருக்கு. கண்ணை மூடி அவ முகத்தைத் தேடறேன். கிட்ட வந்துட்டு நழுவிடுது. இவங்க வேலைக்குப் போனப்புறம்தான் நான் மூச்சு விடறேன். உன்கிட்ட அந்தத் தொல்லை இல்ல. நீ பாப்பா, சோறு போடறே, அவ்வளவுதான். உன்கிட்ட நடிக்க வேண்டியதில்ல."

சலூன்காரர், "அக்கா…" என்று ஆரம்பித்தார். அத்தை அவரைப் பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கினாள்.

"அவகிட்ட சொல்லிடாதே. எவ்வளவு பாடுபட்டு அதை வரைஞ்சிருக்கா. தெரிஞ்சா தாங்க மாட்டா" என்றார் மாமா.

அத்தை கண்ணாடியில் அவருக்குத் தெரியும்படி குனிந்தாள். உதட்டை நன்றாகப் பிரித்து, "சரி மாமா. சொல்ல மாட்டேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை "என்னங்க" என்று மட்டுமே கூப்பிட்டவள்.

மாமா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அத்தை தோளிலிருந்து கையை எடுத்தாள். என்னிடம் வந்து, "நாற்காலியைத் திருப்பறதுக்குள்ள நீ போய் நில்லு" என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்த குடையை எடுக்காமல் தெருவில் இறங்கிப் போனாள். சலூன்காரர் துணியை உதறி நாற்காலியைத் திருப்பியபோது மாமாவுக்கு எதிரே என் மீன், வலப்பக்கம் பார்த்தபடி, சரியாக நின்றிருந்தது. "அழகா இருக்கேனா பாப்பா?" என்று கேட்டார். சலூன்காரர் அன்று காசு வாங்கிக்கொள்ளவில்லை.

அன்று சாயந்தரம் வழக்கமான நேரத்துக்குத் தெருமுனையில் வெள்ளை ஷூ திரும்பியது. அதுவரை எங்கே இருந்தாளோ. மாமா எழுந்து நின்றார், முகம் மலர்ந்தது, "வந்துட்டியா?" என்றார். நான் எத்தனையோ சாயந்தரம் பார்த்த அதே சிரிப்பு, ஒரு குறையும் இல்லை. அத்தையும் சிரித்தாள். "முடி நல்லா வெட்டியிருக்காரு" என்று உதட்டை அசைத்தாள். உள்ளே வந்து அடுக்களையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். பாத்திரம் எதுவும் அதன் கீழே இல்லை.

நான் பேச்செடுத்துப் பார்த்தேன். "விடுடி. பாவம் மனுஷன். ஒவ்வொரு நாளும் எனக்காக நாடகம் போட்டிருக்காரு. நான் தெருமுனையிலேர்ந்து ஓடி வந்தேனே, அதைச் சொல்லு" என்றாள்.

சில வாரங்களில் எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பகலில் மாமாவோடு யார் இருப்பது என்ற கேள்வி மறுபடி வந்தது. அத்தை கம்பெனியை விட்டாள். பட்டன் கட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டாள். நான் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவள் ஒரு புதுச் சட்டையை அட்டை மேல் விரித்து வரைந்துகொண்டிருந்தாள். அவள் கை இப்போது நன்றாகத் தேறியிருந்தது. செதில்களுக்கு நிழல்கூட வைத்திருந்தாள். மீனின் தலை வலப்பக்கம் இருந்தது.

"நான்தான் போறேனே அத்தை. இது யாருக்கு?"

"எனக்கு" என்றாள். பிரஷை நிறுத்தவில்லை. "பகல்ல நான் பாப்பாவா இருந்துக்கறேன். சாயந்தரம் ஒரு அரை மணி நேரம் சட்டையை மாத்திக்கிட்டு வாசல் வழியா வந்தா போதும். மத்த நேரமாவது அவர் மூச்சு விடட்டும்."

ஷூக்களையும் அப்படியே செய்தாள். வேறொரு ஜோடி வாங்கி மீனைத் திருப்பி வரைந்தாள். மாமாவிடம் நான் ஊருக்குப் போவதைச் சொல்ல வேண்டாம் என்றாள். நான் விடைபெறாமல் கிளம்பினேன். அவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சட்டையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன்னைத் தாண்டிப் போன பெண்ணை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போனில் அத்தை சந்தோஷமாகத்தான் பேசினாள். அவர் நிறையப் பேசுகிறார் என்றாள். பாப்பாவிடம் தன் மனைவியைப் பற்றி ஓயாமல் சொல்கிறாராம். எந்தக் காலத்திலோ அவள் மில் வாசலில் வந்து நின்று காவல்காரரோடு சண்டை போட்டதை, அவள் கோபத்தில் கதவைச் சாத்தினால் தனக்குக் காது கேட்காமலே தரை அதிர்வதை. "எனக்கே மறந்துபோச்சு பாரு. அவர் சொல்லித்தான் நான் அப்படியெல்லாம் இருந்தேன்னு தெரியுது" என்றாள். சாயந்தரச் சட்டை மாற்றுவதை ஒரு நாள் விட்டுப் பார்த்தாளாம். அத்தைக்கு டபுள் ஷிஃப்ட் என்று சொன்னாளாம். அவர் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுத்தாராம். மறுநாளும் விட்டாள். அப்புறம் அந்தச் சட்டை பெட்டிக்குள் போய்விட்டது.

நான் விடுமுறைக்குப் போனபோது மாமா என்னைப் பார்த்து எழுந்து, "வாங்க, உட்காருங்க" என்றார். என் சட்டையில் ஒன்றும் இல்லை. அத்தை, சொந்தக்காரப் பெண் என்று சொல்லிவைத்தாள். மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா தட்டிலிருந்து நிமிர்ந்து வலப்பக்கம் பார்க்கும் மீனைப் பார்த்தார்.

"பாப்பா, உங்க அத்தை ஏன் இப்பல்லாம் வர்றதே இல்ல?"

அத்தையின் கை குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டது.

"வேலை, மாமா" என்று உதட்டை அசைத்தாள்.

"பொய் சொல்லாதே. டபுள் ஷிஃப்ட்னா இத்தனை நாளா? என்மேல கோபமா? நான் அன்னைக்குச் சொன்னதை நீ போய் அவகிட்ட சொல்லிட்டியா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் நம்பவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சாயந்தரம் வாசல்ல உட்கார்ந்தா யாருமே வர்றதில்ல. தெரு வெறிச்னு கிடக்கு" என்றார். கையைக் கழுவிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வெயிலிலேயே வாசலில் போட்டு உட்கார்ந்தார்.

அத்தை பெட்டியைத் திறந்தாள். பழைய சட்டையில் மீன் மடிப்பு விழுந்த இடத்தில் வெடித்திருந்தது. பிரஷை எடுத்து அந்த விரிசலை மட்டும் நிரப்பினாள். காயும்வரை பொறுமையில்லாமல் முறத்தால் விசிறினாள். உள்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டாள். நான் பழைய ஷூவைத் துடைத்துக் கொடுத்தேன். வெயில் இறங்கியதும் கொல்லைக் கதவு வழியாகப் போய், நாலு வீடு சுற்றி, தெருமுனையில் திரும்பினாள். அன்று அவள் நடையை வேகமாக்கவில்லை.

மாமாவின் பார்வை தரையில் இருந்தது. ஷூ தெரிந்தது. பார்வை மேலே ஏறியது. இடப்பக்கம் பார்த்த மீனைக் கண்டதும் எழுந்து நின்றார். முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? எங்க போயிட்டே இத்தனை நாளா?"

அவள் படியில் உட்கார்ந்தாள். மாமாவும் அவளுக்குக் கீழ்ப்படியில் சிரமப்பட்டு உட்கார்ந்து, அவள் காலை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். அப்படி அவர் முன்பு செய்து நான் பார்த்ததில்லை. குனிந்திருந்ததால் அவருக்கு உதடு தெரியாது. அத்தை அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, வாய்விட்டு, சாதாரணக் குரலிலேயே கேட்டாள்.

"இது நிஜமாடி? இல்ல, என் மனசு நோகக்கூடாதுன்னு செய்யறாரா? எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நான் அவள் பக்கத்தில் போய்ப் படியில் உட்கார்ந்தேன்.

"ரெண்டு மீனும் நானே ஆயிட்டேன். இனிமே இவர் யாருகிட்ட போய் உண்மையைச் சொல்லுவாரு?"

மாமாவின் வலது கை விரல்கள் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. முடிச்சு இறுகிக்கொண்டது. அவர் விடாமல் அதோடு போராடிக்கொண்டிருந்தார். அத்தை காலை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.